எட்டடிக் கம்பி

மழை விட்டால்தான் கடிக்கும்.
அதுவும் வெளியே நின்று கைப்பிடியைத் தொட்டால் மட்டும்.
உள்ளேயிருந்து தொட்டால் வெறும் இரும்பு.

உன் கம்பளிச் சட்டைதான் காரணம் என்றான் ஆர்லிஸ்.
கழற்றினேன்.
ஆர்கன்சா நவம்பரில், எதிர் லாட்டுக்காரன் பார்த்திருக்க,
உள்பனியனோடு நின்று தொட்டேன்.
கடித்தது.

எங்களுக்கு முன்னால் நிக்கலுக்குத் தெரிந்திருக்கிறது.
மூன்று வாரமாய் அலுமினியப் படியில் கால் வைக்கவில்லை.
புல்லில் நின்று குரைக்கும், தூக்கிப் போகச் சொல்லி.
நாற்பத்தொரு பவுண்டு நாய்.
செல்லம் முற்றிப்போச்சு என்று சிரித்துக்கொண்டே
தூக்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் விளக்குகள்.
மைக்ரோவேவ் சுற்றத் தொடங்கினால் சமையலறை மங்கும்,
படுக்கையறை
விருந்தாளி வரப்போகிற மாதிரி பளீரென்று எரியும்.
இரண்டு பல்பு போனது. டிவி போனது.
"கரண்ட் கூடியிருக்கும்" என்றான் பார்க் மேலாளர் கிராம்ப்டன்,
வாடகை கூடியதைச் சொன்ன அதே குரலில்.

பத்தொன்பது டாலருக்கு ஒரு மீட்டர் வாங்கினேன்.
பேனல் மூடியைக் கழற்றி,
இடது கையைப் பின்பாக்கெட்டுக்குள் பத்திரமாய்ச் சொருகி,
அளந்தேன்.
ஒரு பக்கம் நூற்று நாற்பத்தெட்டு.
மறுபக்கம் தொண்ணூற்றிரண்டு.
ஹீட்டரைப் போட்டுவிட்டு மறுபடி:
நூற்று அறுபத்தொன்று, எழுபத்தொன்பது.
எப்படிக் கூட்டினாலும் இருநூற்று நாற்பது.
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர்,
அவன் இழுத்தால் எனக்குக் குளிர்,
அந்தக் கணக்கு.

நடுவில் நியூட்ரல் என்று ஒரு கம்பி.
இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள மிச்சத்தைத்
திருப்பிக் கொண்டுபோவது அதன் வேலை.
எங்கோ விட்டுப்போயிருக்கிறது.
வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல்
தகரச் சுவர், கதவு, படி, ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கிறது.
ஈரத்தில் நிற்கும் என்னையும்.

மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்தேன்.
சக்கரம் கழற்றிய அச்சு இன்னும் இருக்கிறது.
இருபத்தாறு வருஷமாய் ஓடாத வண்டி,
கான்கிரீட் கட்டைகள்மேல் நிற்கிறது, மண் தொடாமல்.
வீடு எங்களுடையது.
மண் பார்க்குடையது, மாதம் முந்நூற்றுப் பத்து.

பின்பக்கம் எர்த் கம்பி தலை நீட்டிக்கொண்டிருந்தது.
எட்டடி இறங்கியிருக்க வேண்டும்.
கிளாம்ப் ஆடுகிறதா என்று பிடித்து அசைத்தேன்.

கையோடு வந்துவிட்டது.
முள்ளங்கி மாதிரி.

ஒன்றரை அடி. நுனியில் ரம்பம் ஓடிய தடம்.
அடியில் பாறை. சுத்தியல் ஓங்கி ஓங்கிக் களைத்தவன்
கம்பியை அறுத்து, துண்டை நட்டு,
மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்.
கோபம் வர வேண்டும். வரவில்லை.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸின் கடைசி வரிசை சீட்டை
நான் துடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

ப்ளெவின்ஸ் வந்து கம்பத்துப் பெட்டியைத் திறந்தான்.
நியூட்ரல் இணைப்பு வெள்ளைப் பொடி பூத்து,
தொட்டதும் உதிர்ந்தது.
பிறகு வீட்டுப் பேனலிலிருந்து
ஒரு பச்சைத் திருகைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.
"இது இங்கே இருக்கவே கூடாது.
நியூட்ரலும் எர்த்தும் வெளியே, கம்பத்தில்தான் சேரணும்.
வீட்டுக்குள் தனித்தனி."
ஆர்லிஸ் என்னைப் பார்த்தான். நான் திருகைப் பார்த்தேன்.

பாறை மறித்தால் கம்பியைச் சாய்த்து இறக்கலாமாம்.
மத்தியானம் முழுக்க அடித்தார்கள்.
எட்டடி. முழுசாய்.
இந்த மண்ணுக்குள் எங்கள் பொருள் ஒன்று என்று நினைத்தேன்,
கிராம்ப்டன் வந்து, தரைக்குள் போனதெல்லாம்
பார்க்குக்குச் சேரும் என்று சொல்லும்வரை.
பில் மட்டும் எங்களுக்கு.

இப்போது நூற்று இருபது, நூற்று இருபது.
கைப்பிடிக்கும் ஈரப் புல்லுக்கும் நடுவே பூஜ்யம்.
மீட்டரை நிக்கலிடம் காட்டினேன்.
முகர்ந்து பார்த்தது.
புல்லிலேயே உட்கார்ந்துகொண்டது.

குனிந்தேன்.
நாற்பத்தொரு பவுண்டு.