நான்காம் வரி

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சீட்டில் எடுத்ததும்
எத்திராஜுவின் ஷூ கம்பெனி போனஸும்
ஹாஸ்டல் மெஸ்ஸில் நான் சப்பாத்தி தேய்த்த ஓவர்டைமும்.
இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று
பஸ்ஸிலேயே பேசி முடித்துக்
கோணவட்டத்தில் இறங்கினோம்.

வாஜித் பாய் ஷெட்டில் நின்றது
சுவராஜ் மஸ்தா, இரண்டாயிரத்து நாலு மாடல்.
பேரிலேயே சுயராஜ்யம்.
பக்கவாட்டில் ‘நடமாடும் கண்’ வரை தெரிந்தது.
மீதியில் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
“கேம்ப் வண்டிம்மா. டாக்டருங்க ஓட்டுனது.
ஆம்பூரத் தாண்டுனதில்ல.”
வேலூரில் விலைக்கு வரும் எல்லா வண்டியையும்
டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்.

ஒண்ணு எண்பது என்றார்.

எத்திராஜு டயரை உதைத்தார்.
ஆண்கள் ஏன் உதைக்கிறார்கள், டயர் என்ன பதில் சொல்கிறது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கூட வந்த மெக்கானிக் தேவநேசன் அடியில் படுத்துத்
திருப்புளியால் தட்டிக்கொண்டே போனார்.
டங், டங், டங்.
ஓரிடத்தில் மட்டும் பொத்.
“மாவாயிடுச்சு.”

நான் உள்ளே ஏறி முழம் போட்டேன்.
ஸ்டவ் இங்கே. தண்ணீர்க் கேன் அதற்குக் கீழே.
எத்திராஜுவைத் தரையில் படுக்கச் சொன்னேன்.
முட்டி மடங்கவில்லை. பாதம் கதவைத் தொட்டது, அவ்வளவுதான்.
பதினோரு வாடகை வீடுகள்,
ஒன்றைக்கூடப் படுத்துப் பார்த்து எடுத்ததில்லை நாங்கள்.

அப்புறம் டிரம்மிலிருந்து
வாளி வாளியாகக் கூரைமேல் ஊற்றச் சொன்னேன்.
“வேலூர்ல மழைக்கு இன்னாம்மா பயம்?”
சிரித்தபடியே ஊற்றினார் பாய்.
ஐந்தாவது வாளிக்கு
பின்சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகைமேல்
கோடாக இறங்கியது தண்ணீர்.
உச்சியில் பெரிய ப.
அதன்கீழ் ட, ம.
போகப் போகச் சிறுத்து
எறும்பளவு எழுத்துகளை நனைத்து
என் செருப்பில் சொட்டியது.

அந்தச் சொட்டைக் காட்டிக் காட்டியே
ஒண்ணு முப்பத்திரண்டுக்கு இறக்கினேன்.
பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்,
பிறகு எங்களுக்கு டீ சொன்னார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள்.
இரண்டாவதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்தாயிற்று.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
அஸ்திவாரம் இல்லாத வீட்டையும்
அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மீதி எட்டாயிரத்தில்
தகடு வைத்தது, எப்சி எடுத்தது, பேர் மாற்றியது,
‘சாருக்கு ஒரு டீ’ என்று நாலு தடவை கொடுத்தது.
பலகையைக் கழற்ற வந்தவர்
ஆணி துருவேறிவிட்டது, கழற்றினால் சுவரும் வரும் என்றார்.
சுவர் வேண்டும். விட்டுவிட்டோம்.

ஏலகிரிக்குக் கிளம்பினோம்.
பள்ளிகொண்டாவுக்கு முன்னாலேயே
ரேடியேட்டர் பொங்கி
பஞ்சர் கடை ஒன்றின் பக்கத்தில் ராத்தங்கல்.
புளிச்சோறு. கொசு.
லாரிகள் கடக்கும்போதெல்லாம்
வெளிச்சம் உள்ளே புகுந்து
எழுத்துகள்மேல் ஓடிப் போனது.

படுத்தபடி விளையாட்டாகப் படித்தார் எத்திராஜு.
ப. சரி.
ட, ம. சரி.
மூன்றாம் வரியைக் கடகடவென்று சொன்னார்,
கண்ணை மூடிக்கொண்டு.
நான்காம் வரியில்
“ப... ல... ஏதோ ஒண்ணு.”
ல அங்கே இல்லவே இல்லை.

“எவ்ளோ நாளா?”
“போன தீபாவளிலேர்ந்து. ஊசிக் காது தெரியுது.
தூரந்தான் கொஞ்சம்.”
“அப்ப பள்ளிகொண்டா போர்டு?”
“நீதான் சத்தமாப் படிச்சியே.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.
காட்பாடியிலிருந்து வழிநெடுக
ஒரு போர்டு விடாமல் படித்துக்கொண்டு வந்தேன்,
சந்தோஷத்தில்.

கணக்கு நோட்டில் ‘கண்ணாடி’ என்று எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டேன்.
அதற்குக் கீழே, எனக்கு லைசென்ஸ்.

அடுத்த லாரி வந்தது.
“கடைசி வரி இன்னான்னு சொல்லேன்” என்றார்.
அன்று நனைந்ததில் மை ஊறிப் போயிருந்தது.
“போய்த் தூங்குங்க.”