ஒரு வாய் காற்று

முதலில் தொங்கு ரயிலைத்தான் சந்தேகித்தேன்.
எங்கள் குசினி யன்னலுக்கு நேரே, ஆற்றுக்கு மேலே,
ஐந்தாறு நிமிசத்துக்கு ஒருக்கால் போகும்.
போகும்போது லாச்சிக்குள் கரண்டிகள்
சாடையாய் முனகும்.
அது போய்,
வுப்பர் ஆறு தன்பாட்டில் ஓடத் தொடங்கின பிறகும்
சுடர் நடுங்கிக்கொண்டுதான் நின்றது.

பிறகு யன்னல்.
சட்டத்தைச் சுற்றி நாடா ஒட்டினேன்.
கதவின் கீழ் துவாயைச் சுருட்டி வைத்தேன்.
ஹீட்டரை நிறுத்தி, போர்வைக்குள் குந்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
என் மூச்சில்லாமலும் ஆடியது.

கீழ்வீட்டு எடெல்ட்ராவுட் கெஸ்லர்
ஒரு வருசமாய்த் தின்று முடித்த
வெள்ளரிக்காய்ப் போத்தல்கள், பதினொன்று.
எத்தனை தரம் கழுவியும்
லாவெண்டருக்கு அடியில் வினாகிரி மணக்கும்.
சோயா மெழுகு, கிலோ ஒன்பது யூரோ.
திரி நடுவில் நிற்க
உடுப்புக் காயப்போடும் கவ்வி.
மார்கழிச் சந்தையில் விற்கலாம் என்று
கணக்குப் போட்டது நான்தான்.
கணக்கில் இந்த நடுக்கம் வரவில்லை.

"பேய் பிடிச்சிருக்கு உதுக்கு"
என்றாள் கௌசிகா, சப்பாத்துக் கட்டிக்கொண்டே.
அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
எனக்கு விடிய ஆறரைக்கு பஸ் டிப்போ.

ஏழு இரவு காவலிருந்தேன்.
மெழுகு விளிம்புவரை இருக்கையில் ஒழுங்காய் எரியும்.
இரண்டு விரல் இறங்கினால் போதும்,
எட்டி எழும்பும், நுனி கறுக்கும்,
யாரோ கூப்பிட்டதுபோல் குனியும்,
பிறகும் எட்டும்.
போத்தலின் கழுத்துக்குள் மை அப்பிக் கிடக்கும்.
தொட்ட விரலால் நெற்றியைச் சொறிந்து
டிப்போவில் நாள் முழுக்கப் பொட்டோடு திரிந்தேன்.

எட்டாம் நாள், வெளிக்காத காலையில்,
சாமித்தட்டில் இருந்த ஊதுபத்தியை எடுத்து
போத்தலின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.
இந்த விளிம்பால் புகை உள்ளே இழுபட்டது.
அந்த விளிம்பால் அடித்துத் துரத்தப்பட்டது.
நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டன.
ஒரே வாய்.
சூடு வெளியேறவும் அதுதான்,
குளிர் உள்ளிடவும் அதுதான்.
யார் முதல் என்று தீராத வழக்கு,
இடையில் நிற்பவனுக்கு மூச்சு முட்டுது.
ஊரெல்லாம் தேடின காற்றை
சுடரே உண்டாக்கிக்கொண்டிருந்தது,
ஒரு வாய் காற்றுக்காக.

ஆறு பத்து. திறப்புச் சத்தம்.
எங்கள் வாசல் நடையில் ஒரு பக்கம் சப்பாத்துத் தட்டு,
மறுபக்கம் உடுப்புக் காய்கிற கம்பி.
அவள் சுவரோடு சாய, நான் சரிந்து,
அவள் கோட்டில் தெருக்குளிர்,
என் சட்டைக்குள் இன்னும் போர்வைச் சூடு.
"சோறு அடுப்பில."
"ம்."
"கறன்ற் பில் மேசையில."
"கண்டனான்."
கதவு அடிபட்டது.
எதையோ சொல்ல வந்து
படியில் பாதி இறங்கின பிறகுதான்
சொல்லவில்லை என்று தெரிந்தது.

திரியை நகப்பாதி அளவுக்கு நறுக்கினேன்.
மெல்லிய திரியாய் மாற்றினேன்.
போத்தலை விட்டு,
வாய் அகன்ற கட்டைக் கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினேன்.
நின்றது.
கையெழுத்துக்குக் காத்திருக்கும் பேனைமுனைபோல்
அசையாமல் நின்றது.
சந்தையில் பதினாலு போனது.

ஞாயிறு இரவு, இரண்டு பேருக்கும் லீவு.
கௌசிகா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இது என்ன, படமோ?" என்று
மெல்ல ஊதிப் பார்த்தாள்.
பிறகு எழும்பிப் போய்
கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து
வினாகிரி மணக்கும் பழைய போத்தல் ஒன்றைத்
தூசு தட்டிக்கொண்டு வந்து பற்ற வைத்தாள்.
"இதோட எண்டால் கதைக்கலாம்."
ரயில் போனது. கரண்டிகள் முனகின.
கதைத்தோம், பில்லைப் பற்றியும்தான்.

திங்கள் பின்னேரம்
சப்பாத்துத் தட்டைக் கழற்றிப்
படுக்கையறைக்குள் பூட்டினேன்.
நடை ஒரு முழம் அகன்றது.
செவ்வாய், ஆறு பத்துக்கு,
அவள் அப்போதும்
என்னை உரசிக்கொண்டுதான் போனாள்.