கல் இல்லை

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தூக்கும் என்று
தெருவோரம் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனைக்குள் வந்தேன்.

எலெயுதேரியோ பர்ரியா.
நண்டுப் படகின் என்ஜின் அறையில் வெந்தவர்.
பன்னிரண்டாம் நாள். தொண்டையில் குழாய்,
நரம்பு வழியே சாப்பாடு.
காய்ச்சல் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை.
நுரையீரலில் தேடினார்கள், சிறுநீரில் தேடினார்கள்,
கட்டை அவிழ்த்துப் புண்ணை மோந்துகூடப் பார்த்தார்கள்.

வலது விலாவுக்குக் கீழே அழுத்தி
மூச்சை இழுக்கச் சொல்வோம்.
பாதியில் சட்டென்று நின்றால் பித்தப்பை.
இவருக்கு மூச்சை இழுப்பதே இயந்திரம்.
அதற்கு வலிக்காது.

களிம்பு தடவிக் கருவியை வைத்தேன்.
சாம்பல் நிற ஈரலின் அடியில் ஊதிப்போன ஒரு பேரிக்காய்.
சுவர் ஐந்து மில்லிமீட்டர்.
சுற்றிலும் கறுப்பாய் ஒரு நீர்க்கோடு.
உள்ளே சேறு.
நாய் கண்ணெதிரே நிற்கிறது,
கல்லைத்தான் காணோம்.

அப்போதுதான் பழைய அறிக்கையைத் திறந்தேன்.
இரண்டு நாள் முன்பு, இதே வயிறு:
'சுவர் சற்றுத் தடிப்பு. கல் இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.'
கீழே கையெழுத்து, ஒயார்சூன்.
நான்தான்.

சாப்பாடு வந்தால்தான் சுருங்கும் பை அது.
பன்னிரண்டு நாளாக ஒரு கவளமும் இறங்கவில்லை,
யாரும் கூப்பிடவில்லை.
ரத்தம் குறைந்த நாட்களில் அதன் பங்கைத்தான் முதலில் வெட்டினார்கள்.
காத்திருந்த பித்தம் தடித்து
தன் பாத்திரத்தையே தின்னத் தொடங்கியது.

அறுவை மருத்துவர் உகார்த்தே தூக்கக் கலக்கத்தில்,
"கல் இல்லாமலா?"
"கல் இல்லாமல்தான்."
"கத்தி வைத்தால் தாங்கமாட்டார்."
"கத்தி வேண்டாம். ஒரு துளை போதும்."

விலா இடுக்கில் ஊசி, ஈரலைத் தாண்டி.
ஊசிக்குள் கம்பி, கம்பிமேல் குழாய்.
பழைய என்ஜின் எண்ணெய் நிறத்தில்
நூறு மில்லி இறங்கியது.
"கப்பல்காரர் உள்ளேயும் கப்பல்காரர்தான்"
என்றான் நர்ஸ் நோல்பெர்த்தோ.
ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள்.
மறுநாள் மாலை, சொல்லிக்கொள்ளாமல்
காய்ச்சல் கிளம்பிப் போனது.

மனைவி ஓர்த்தென்சியா கை நீட்டினாள்.
"கல்லைக் கொடுங்கள்."
அவள் அக்காளின் கற்கள் பதினேழும்
ஃப்ரிட்ஜ் மேல் பாட்டிலில் இருக்கின்றனவாம்.
இல்லை என்றேன்.
"இல்லாததுக்கா இவ்வளவு நீளக் குழாய்?"
முதல் அறிக்கையைப் பற்றியும் சொன்னேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பி
வெகுநேரம் காற்றைப் பார்த்தாள்.

ஆறு வாரம் கழித்து
குழாய் வழியே சாயம் செலுத்திப் பார்த்தோம்.
தடையில்லாமல் குடலுக்குள் ஓடியது.
உருவி எடுத்தேன்.
எலெயுதேரியோவுக்கு எதுவும் நினைவில்லை.

கிளம்பும்போது ஓர்த்தென்சியா பையைத் திறந்து காட்டினாள்.
ஊறுகாய் பாட்டிலுக்குள்
ஜலசந்திக் கரையில் பொறுக்கிய கறுப்புக் கூழாங்கல்.
"அக்கா கேட்பாள்."
"முட்டை அளவு இருக்கிறதே, நம்புவாளா?"
"சின்னதாக இருந்தால்தான் நம்பமாட்டாள்."