நான்கெல்லை

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதியில்லை.
எதிர்க்கடையில் ஐந்து ரூபாய்க்குப் பென்சில் வாங்கி
நுணாச்சேரி கிராமம், சைதாப்பேட்டை தாலுகா என்று
சீட்டெழுதிக் கொடுத்தேன்.
வந்தது ஒரு செட்டில்மெண்ட் பதிவேடு.
அப்பளம்போல முறுகிய ஓரங்கள்.
புரட்டப் புரட்ட என் மடியெல்லாம் பழுப்புத் துகள்.

பட்டாதார் பத்தியில் அருணகிரி முதலி.
அடுத்த வரியிலும் அருணகிரி முதலி.
பிறகு அவர் மைத்துனர், பிறகு கோயில்,
பிறகு மேற்படி, மேற்படி, மேற்படி.
ஏரி இருக்கிறது, மதகுகளை எண்ணியிருக்கிறார்கள்.
பனைகள் இருக்கின்றன, அறுபத்து நான்கு,
காய்ப்பவை தனியாக, காய்க்காதவை தனியாக.
நாற்று நட்டவர்களுக்குப் பத்தி இல்லை.

நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு இப்படிப் போனது.

பிறகு சார்பதிவாளர் அலுவலகம்.
நகல் மனு, முத்திரை வில்லை, மூன்று வாரம்.
வந்தது அருணகிரி முதலி தன் மைத்துனருக்கு
பிலவ வருஷம் தை மாதம் எழுதிக் கொடுத்த கிரயம்.
எனக்கென்ன அதில் என்று மடிக்கப் போனவள்
கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன்:

இதற்கு நான்கெல்லையாவது,
ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு,
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
கோயில் மானியத்துக்கு மேற்கு,
படியாள் வேம்புலி குடிசைக்கு வடக்கு.

வேம்புலி.
என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா.
அடுத்தவன் நிலம் எங்கே முடிகிறது என்று காட்ட
ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறார்.

அதற்குப்பின் எனக்கு வழி தெரிந்துபோனது.
யார் விற்றார் யார் வாங்கினார் எல்லாம் தாண்டி
நேராகக் கடைசிப் பக்கம்.
பதினேழு வருஷம் கழித்து அதே நஞ்செய்யை வேறொருவர் விற்கையில்,
வேம்புலி மகன் இருசப்பன் குடிசைக்கு மேற்கு.
தெற்கிலிருந்த குடிசை கிழக்குக்குப் போயிருக்கிறது.
வெள்ளமோ, சண்டையோ, வாய்க்கால் வெட்டியதோ.
பத்திரத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

ஐம்பத்தெட்டில் ஓடு வேய்ந்திருக்கிறார்கள் போல:
இருசப்பன் வகையறா வீட்டுக்கு மேற்கு.
அந்த வகையறாவுக்குள்தான்
ஏழு பேர், இரண்டு எருமை,
தலையெல்லாம் பேனோடு எட்டு வயது அப்பா.
எழுபத்து நான்கில்
காலியிடத்துக்கு மேற்கு.

புலப்பட நகலைக் கைப்பேசியில் படமெடுத்து
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
நஞ்செய் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம்.
வேம்புலி குடிசை இருந்த தெற்கில்
ஜெனரேட்டர் அறை.
காவலாளி எந்தக் கம்பெனி என்று கேட்டார்.
இண்டர்வியூ என்று சொன்னேன்.
உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.
நல்ல மனிதர். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பஸ் ஏறிவிட்டேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.
முப்பத்தோரு வருஷம் பல்லவனில் விசில் ஊதியவர்
வேம்புலி என்றதும் நிமிர்ந்தார்.
"வேம்புலி மூலையா?
அங்கதான நாங்க கோலி ஆடுவோம்.
எடத்தோட பேருன்னு இல்ல நெனச்சேன்."

கொஞ்ச நேரம் விரலில் நான்கு திசையையும் எண்ணினார்.
"செரி, நம்ம வீட்டுக்குத் தெற்க யாருன்னு போட்டிருக்கு?"

நமக்குப் பத்திரம் இல்லைப்பா.
நமக்குத் தெற்கே யாரென்று
யாரும் எழுதவில்லை.

"அஞ்சலாட்சி வீடு," என்றார்.
"அவங்க ஆடு நம்ம கூரையத் தின்னும்.
கெழக்க புளியமரம், அதுக்கப்பால கன்னியப்பன்.
வடக்க..."

பொறுங்கள் என்று சொல்லி
மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு
கைப்பையைத் துழாவினேன்.
எழும்பூர்ப் பென்சில்தான் கிடைத்தது,
முனை உடைந்து.
பல்லால் கடித்துச் சீவிக்கொண்டிருக்கையில்
அவர் வடக்கே போய்விட்டிருந்தார்.