குழி, மா, வேலி

நூறு குழி ஒரு மா.
இருபது மா ஒரு வேலி.
அதை ஏக்கராக்கும் நிரலை
யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று
திறந்து வைத்திருக்கிறேன்,
நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு மேற்கே,
கீழே உரக்கடை உள்ள மாடி அறையில்.

அரைக் குழி தவறுகிறது என்று
முதலில் சொன்னது வேம்பரசி.
தலைஞாயிறு. சர்வேயர் ஆபீசில் தற்காலிக வேலை.
மின்னஞ்சலில் பேட்ச் வந்தது:
கழித்தல் குறியோடு ஒரு வரி,
கூட்டல் குறியோடு ஒரு வரி.
வணக்கம்கூட இல்லை.
ஏன் என்பதற்கு மட்டும் ஒன்பது வரி.

பேட்ச் ஏறவில்லை.
நீள வரியை எழுபத்திரண்டாம் எழுத்தில்
அவள் மெயில் மடித்துவிட்டிருந்தது.
"புல் ரிக்வெஸ்ட் போடுங்களேன்,
பச்சைப் பட்டன், ஒரே அமுக்கு" என்றேன்.
"கணக்குத் தொடங்கச் சொல்கிறது.
டவர் இல்லாத நேரம் பார்த்து
செல்லுக்கு ஓடிபி அனுப்புகிறது.
உங்களுக்கு வேண்டியது திருத்தமா, நானா?"

இரண்டாம் பதிப்பு. மூன்றாம் பதிப்பு.
என் கேள்விகளைத் துண்டு துண்டாக நறுக்கி
இடையிடையே பதில் ஊன்றியிருந்தாள்,
வரப்போர உளுந்து மாதிரி.
பிறகு படிக்கலாம் என்று விட்டேன்.

அதே வாரம் திருப்பூர் குகன்
அதே அரைக் குழிக்குப் புல் ரிக்வெஸ்ட் போட்டார்.
பதினோரு கோப்பு. சோதனையெல்லாம் பச்சை.
வரிக்குப் பக்கத்திலேயே கேட்கலாம், பதில் வரும்,
கட்டைவிரல் படம் வரும்.
சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
அமுக்கினேன்.
கேட் தூக்கிய மாதிரி இருந்தது.

ஐப்பசியில் கணக்கு மறுபடி உதைத்தது.
குகனைத் தேடிப் போனேன்.
பெயர் இருந்த இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு வெறுந்தலை.
கணக்கை மூடிவிட்டார், கிளையையும் வெட்டிவிட்டார்.
காரணம் எழுதவேண்டிய கட்டத்தில் ஒரே சொல்:
சரிசெய்தேன்.

அன்றைக்கு மழை. கரண்ட் இல்லை, நெட் இல்லை.
பேட்டரி பதினெட்டு சதவீதத்தில்
இறங்கிக் கிடந்த பழைய அஞ்சலைத் திறந்தால்
அந்த ஒன்பது வரி அப்படியே இருக்கிறது.
"எந்த ஊர்க் கோல் என்று
உங்கள் நிரல் கேட்கவே இல்லை.
கோல் மாறினால் குழி மாறும்."

வாய்க்காலில் தனி மதகு வைத்த வயல் உண்டு.
பக்கத்து வயல் நிரம்பி வழிந்தால்தான்
தண்ணீர் பார்க்கும் வயலும் உண்டு.
எது நல்லது என்று கேட்காதீர்கள்,
அது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

"மன்னிக்கவும், கோலையும் சேர்த்து அனுப்புங்கள்" என்று எழுதி வைத்தேன்.
நெட் வந்ததும் தானே போய்க்கொண்டது.
ஆறு நாள் பதில் இல்லை.
கடைமடைக்கு எல்லாம் தாமதம்தான்.

நான்காம் பதிப்பும்
எழுபத்திரண்டில் மடிந்துதான் வந்தது.
கேட் போட்டிருந்தார்கள். நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
பெட்ரோல் டேங்க் மேல் லேப்டாப்பை வைத்து
ஒடிந்த வரியை வரியோடு சேர்த்தேன்.
ஏறியது.
எழுதியவர் என்ற இடத்தில்
வேம்பரசி என்று தானாக விழுந்தது.
பச்சைப் பட்டனை எடுத்துவிடவில்லை, அதுவும் இருக்கட்டும்.

பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.
வேகனை எண்ணிக்கொண்டிருந்தேன்,
முப்பத்தொன்பதோ, நாற்பதோ.