பத்துப் பத்து

எக்ஸ்ரே படத்தில்
விதுஷனின் முழங்கையை ஊடறுத்து
இரண்டு உருக்குக் கம்பிகள்.
பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
பதினாறு வருடமாக முள் பூட்டுகிறவள் நான்;
பார்த்ததும் மணி சொன்னேன்:
பத்துப் பத்து.
விளம்பரத்தில் எல்லாக் கடிகாரமும் காட்டுகிற நேரம்.
டாக்டர் சிரிக்கவில்லை.

கைக்கு மட்டும் நித்திரை கொடுத்திருக்கிறோம்,
நடுச்சாமத்துக்குப் பிறகு முழிக்கும்,
அதற்கு முதலே மருந்தைக் கொடு,
வலியை வரவிட்டுத் துரத்தாதே என்றார்.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே இரண்டு மருந்து,
மாறி மாறி, மணி பிசகாமல்.
அது எனக்குக் கைவந்த வேலை.
மூன்றாவது, மண்ணிறச் சின்னப் போத்தல்.
மோர்ஃபின். நாலு தரத்துக்கு மட்டும்.
"தேவைப்பட்டால்" என்று
ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது.
தேவையை அளக்கிற கரண்டி
பெட்டிக்குள் இல்லை.

பழகிவிடும், தொடாதே என்றான் தம்பி, போனில்.
ஆம்பிளைப் பிள்ளைதானே, தாங்குவான் என்றான்.
ஏழு வயதுக்கு வீரத்தில் மார்க் போடுகிறார்களா என்ன?
வைத்துவிட்டேன்.

தாதி மிரேய் தந்த அட்டையில் ஆறு முகங்கள்.
சிரிப்பது சைபர், அழுவது பத்து.
ஏழு என்றான்.
ஐஸ்கிரீம் தின்றால்? ஆறு.
இரண்டு கரண்டி தின்றால்? யோசித்தான். ஆறுதான்.

எனக்கு எண் போதவில்லை.
குத்துதா, கடுக்குதா, உளையுதா,
விண்விண்ணெண்டு தெறிக்குதா?
அவனுடைய தமிழில்
சப்பாத்து இருந்தது, இடியப்பம் இருந்தது,
நோவுக்கு ஒரே ஒரு சொல்.
இரவு இரண்டே முக்காலுக்கு,
தலையணை மேல் உயர்த்தி வைத்த கையை
யாரோ ஒருவரின் கை போலப் பார்த்தபடி
"உளையுதம்மா" என்றான்.
சரியான சொல்.

கொடுக்காமலே சமாளித்தேன்
என்று சொல்ல ஆசைதான்.
ஒருமுறை கொடுத்தேன்.
கொடுத்துவிட்டு, விடியும்வரை
அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன்,
ஓடுகிறதா என்று
காதருகே வைத்துப் பார்க்கிற கடிகாரம் மாதிரி.
மறுநாள் இரவு போத்தலைக் கையில் எடுத்தேன்,
அவனிடம் கேட்டேன், திரும்ப வைத்தேன்.
அதற்குப் பிறகு
இரண்டு மருந்தும் ஐஸ் பையும்
கார்ட்டூனும் பார்த்துக்கொண்டன.

நாலாம் கிழமை கம்பிகளை உருவினார்கள்.
புதுப் படத்தில் முள் கழற்றிய டயல்.
வரும் வழியில் போத்தலை
மூன்று தரம் மிச்சத்தோடு
மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

இப்போது எவ்வளவு என்று
மிரேய் அட்டையை நீட்டினாள்.
அரை என்றான்.
அரைக்கு அதில் முகம் இல்லை.
அட்டையைத் தள்ளிவிட்டு
தன்னுடையதைக் காட்டினான்.