இடப்பக்கம் இழுக்கிறது

நோவா ஹூட்டா பணிமனையில்
விடிகாலை மூன்றே முக்காலுக்கு
டிராமை விட்டு இறங்குகிறேன்.
எட்டு மணி நேரம் பிடித்த கைப்பிடியின் வடிவில்
கை இன்னும் மடங்கியிருக்கிறது.
வீட்டில் பீட்ரூட் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுத்
திரையைப் போட்டால்
முதலில் வருவது ஒரு மஞ்சள் அம்பு.
இந்தப் பக்கம் போ, என்கிறது.

ஆட்டம் செய்தவனே,
நாள் முழுக்கத் தண்டவாளம் சொன்னபடி போனவள்
இதற்கா வீடு திரும்பினேன்?
அம்பைக் கழற்று.
கண்ணைக் கட்டிக் காட்டில் விடு.
கட்டை நானே அவிழ்த்துக்கொள்வேன்.

மேல்மாடி செவெரினுக்கு இதில் உடன்பாடில்லை.
கண்ணாடிக் கடையில்
அடுத்தவர் பார்வைக்கு எண் போடுகிறவன்.
எதுவும் தெளிவாகத் தெரியணும், என்பான்.
ஆகச் சுலபமான நிலையில்தான் ஆடுவான்.
அரக்கன் ஒரே தட்டில் விழ,
இவன் நாற்காலியில் சாய்ந்து கதை கேட்பான்.
கேட்கட்டும். அவனோடு எனக்கு வழக்கில்லை.

வழக்கெல்லாம் கதவுகளோடு.
கைப்பிடி வரைந்திருக்கிறார்கள், சாவித்துளை வரைந்திருக்கிறார்கள்,
இடுக்கில் கசியும் வெளிச்சம்கூட.
தள்ளினால் சுவர்.
அப்புறம் அந்த வேலி:
எரிமலைக்குள் குதித்து மீண்டவனுக்கு
முழங்கால் உயரம் தாண்ட வராதாம்.
அப்புறம் அந்த இளவரசன்.
நான் ஓடினால் பின்தங்குவான், நடந்தால் முந்துவான்,
அவனைப் பத்திரமாக ஊர் சேர்க்கணுமாம்.
இதையே நான் சம்பளத்துக்குச் செய்கிறேன்,
தினம் அறுநூறு பேருக்கு.

நாள் தவறாமல் வந்தால் ஒரு பொற்காசு.
நேற்று ஏன் வரவில்லை, என்று கேட்கிறது.
அதைக் கேட்கத்தான்
பணிமனையில் ப்ரோனிஸ்வாவா இருக்கிறாளே.

தோற்பதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே.
பனிக்கோபுரத்துக் காவல்காரி
என்னை நாற்பத்தொரு முறை கொன்றாள்.
நாற்பத்தொன்றும் என் பிழை.
ஈட்டி தூக்குமுன் மூச்சை உள்ளிழுப்பாள்,
ஒருதடவைகூட அதை மாற்றி ஏமாற்றவில்லை.
நாற்பத்திரண்டில் அவள் மண்டியிட்டபோது
எனக்கு ஏனோ ஒரு மாதிரி இருந்தது.
ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும்
அவளுடைய மூன்று நிமிடச் சொற்பொழிவை
தாண்டவிடாமல் வைத்தவனை மன்னிக்கவே மாட்டேன்.
எத்தனை சூப் ஆறிப்போனது தெரியுமா?

பிப்ரவரியில் குச்சி தேய்ந்தது.
கையை எடுத்தாலும் வீரன்
இடப்பக்கமாக ஊர்கிறான்,
குடித்துவிட்டுக் கடைசி டிராமில் ஏறியவன் மாதிரி.
பாலத்தில் விழுந்தான். படகில் விழுந்தான்.
கடைவீதியில் நின்ற இடத்திலிருந்தே
ஒரு கோழியை முட்டித் தள்ளினான்.
மூக்குக்கண்ணாடித் திருப்புளியோடு
செவெரின் இறங்கி வந்தான்.
பிரித்தான், ஊதினான், பூட்டினான்.
இப்போது முன்னைவிட இழுத்தது.

போகட்டும் என்று இருவரும் சாப்பிடப் போனோம்.
திரும்பிவந்தால் வீரனைக் காணோம்.
இல்லை, இருக்கிறான்:
புல்வெளி கடந்து,
வேலியில் ஒரு கம்பு விட்டுப்போன இடத்தில் நுழைந்து,
எந்த அம்பும் காட்டியிராத குளத்தில்
கணுக்கால் நனைய நிற்கிறான்,
இன்னும் இடப்பக்கமே சாய்ந்தபடி.
மீன் இல்லை. காசு இல்லை. சாவி இல்லை.
அவன் கால் பட்ட இடத்திலிருந்து
அலை மட்டும் வட்டவட்டமாய்ப் போய்
அக்கரை நாணலை அசைத்தது.
யாரோ ஒருத்தி, அல்லது ஒருத்தன்,
எவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும்
அந்த நாணலுக்கு நிழல் வரைந்திருக்கிறாள்.

இது கதையிலேயே இல்லையே, என்றான் செவெரின்.
வெகுநேரம் போகவும் இல்லை.

புதுக் குச்சி வாங்கியாகிவிட்டது. சொன்ன பேச்சுக் கேட்கிறது.
பழையதை ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
நேற்று மத்தியச் சதுக்கத்து வளைவில்
டிராம் தன்பாட்டுக்கு வலப்பக்கம் திரும்பியது.
என் கட்டைவிரல் மட்டும்
ஒத்துக்கொள்ளவில்லை.